கப்பல்பாரிலிருந்து வந்த கல்

எங்கள் அருங்காட்சியகத்தில், மேற்கு யன்னலோரம் இருக்கும் சிறிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கல் இருக்கிறது. அடி பரந்து தலை ஒடுங்கிய கறுப்புக் கல். தலைப்பக்கத்தில் பெருவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. கல்லுக்குக் கீழே ஓர் அட்டை: ‘குளிக்கல். சங்கும் முத்தும் குளிப்போர் இதில் காலூன்றிக் கடலடிக்கு இறங்குவர். கப்பல் மூழ்கிய காலத்தைச் சேர்ந்தது.’ அதை எழுதியவள் நான்தான். முதல் இரண்டு வசனமும் உண்மை. மூன்றாவது உண்மையில்லை என்பது எழுதுகிறபோதே எனக்குப் பாதி தெரிந்திருந்தது. மிச்சப் பாதியைத் தெரியாததுமாதிரி வைத்துக்கொண்டேன். உத்தியோகம் கிடைத்த புதிது. தலையாட்டுகிறவளுக்குக் கந்தோரில் ஒரு கதிரை எப்போதும் இருக்கும் என்பதுதான் அன்றைக்கு என்னிடமிருந்த ஒரே ஞானம்.

வருகிறவர்கள் யாரும் அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்பதில்லை. அவர்கள் கப்பலைப் பார்க்க வருகிறார்கள். மண்டபத்தின் நடுவே, இரும்புத் தாங்கிகளின் மேல், ஒல்லாந்தர் காலத்துப் போர்க்கப்பல் ஒன்றின் அடிப்பாதி படுத்திருக்கிறது. மேற்பாதியைக் கடற்புழு தின்றுவிட்டது. சேற்றுக்குள் புதைந்து கிடந்ததுதான் தப்பியது. அதன் விலாக்கட்டைகள் வரிசையாக மேலே வளைந்து நிற்கும். பக்கத்தில் பீரங்கிகள், ஒரு கை முறிந்த நங்கூரம். முத்துக் குளிப்புக் காலத்தில் காவலுக்கு நின்ற கப்பல் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். பிள்ளைகள் பீரங்கிகளில் ஏறப் பார்ப்பார்கள். நான் ஏறவேண்டாம் என்பேன். இப்படித்தான் என் நாள் போகும்.

அரிப்பு என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்த எனக்கு அந்தக் கப்பல் புதிதல்ல. கடலுக்கடியில் இருக்கிற கல்மேட்டை எங்கள் பக்கத்தில் பார் என்பார்கள். கப்பல் கிடந்த இடத்துக்குக் கப்பல்பார் என்று பெயர். அங்கே மீன் அடையும், வலையும் கிழியும். சண்டைக்கார மாமியார் வீட்டுச் சாப்பாடுமாதிரி என்று என் அப்பா சொல்லுவார். அங்கே போய்ச் சேருவதற்கு இரண்டு நேர் பிடிக்க வேண்டும். எங்கள் வேதக்கோயில் கூம்பும் பழைய வெளிச்சவீடும் ஒன்றன்பின் ஒன்றாக மறைய வேண்டும். தெற்கே திரும்பினால், அல்லிராணிக் கோட்டையின் இடிந்த மூலை பனங்கூடலை விட்டு விலகித் தெரிய வேண்டும். இரண்டு நேரும் சந்திக்கிற இடத்தில் குனிந்து பார்த்தால், தண்ணீர் தெளிந்த நாளில், ஒரு நீளக் கறுப்பு தெரியும் என்பார்கள். கடற்கரைச் சனத்துக்கு அது சரித்திரமும் இல்லை, அதிசயமும் இல்லை. வழியில் கிடக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான்.

சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு அந்தச் சாமானை வெளியே எடுத்தார்கள். பெரிய வள்ளங்களும் மண்ணை உறிஞ்சும் குழாய்களும் வந்தன. கரையில் கொட்டகை போட்டு, மேலே வந்த ஒவ்வொன்றையும் கழுவி, இலக்கமிட்டுப் பதிகிற வேலைக்கு என்னை எடுத்தார்கள். ஒரு நாள் காலை வந்த வாளிகளில் ஒன்றில் இந்தக் கல் இருந்தது. சுண்ணாம்பும் சிப்பியும் படிந்து பாதி மறைந்திருந்தது. துளையில் ஒரு கயிறு கோத்திருந்தது. நீல நைலோன் கயிறு, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. கயிற்றில் இரண்டு முடிச்சுகள் இருந்ததாக ஞாபகம். துளையோடு சேர்த்து இன்னொன்றும் இருந்திருக்க வேண்டும். முறிந்த கப்பலில் வலைக்கயிறு சிக்குவது வழக்கம். நாள் முழுக்க அப்படிப்பட்ட குப்பையைத்தான் வெட்டி எறிந்துகொண்டிருந்தோம். நான் கத்தியை எடுத்துத் துளையின் இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டி, கயிற்றைக் குப்பைக் கிடங்கில் போட்டேன். பின்னேரம் அதை எரித்தார்கள். பதிவேட்டில் கல்லை எழுதினேன். கயிறு என்ற சொல்லை எழுதவில்லை. பொறுப்பாக இருந்த அதிகாரி, எங்கள் சேர், கல்லைக் கையில் ஏந்திப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கப்பல்காரர்கள் குளிகாரர்களை வைத்திருந்ததற்கு அத்தாட்சி என்றார். நைலோன் கோத்த கல் எப்படி முந்நூறு வருடக் கல்லாகும் என்று நான் கேட்கவில்லை. கயிறு பிறகு வந்து சிக்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துளைக்குள் ஒழுங்காகக் கோத்து முடிச்சுப்போட்ட கயிறு தானாக வந்து சிக்காது என்பது மீன்காரன் மகளுக்குத் தெரியாதா? தெரியும்.

அருங்காட்சியகம் திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அவர் வந்தார். எருக்கலம்பிட்டிக்காரர். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை இயக்கம் ஊரைவிட்டு அனுப்பியபோது வெளியேறிப் புத்தளத்தில் குடியேறியவர். சொந்தக்காரர்களோடு பஸ்ஸில் ஊர் பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவர். எங்கள் பக்கத்தில் வயது வந்த முஸ்லிம் ஆண்களை நானா என்றுதான் கூப்பிடுவோம். நானும் கடைசிவரை அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். வெள்ளைச் சாரம், கறுத்து இறுகிய உடம்பு, ஒரு காது சரியாகக் கேட்காது. ஆழத்துக்கு இறங்குகிறவர்களுக்குக் காது இப்படிப் போவதுண்டு. மற்றவர்கள் பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் விலாக்கட்டைகளுக்கு முன்னால் அசையாமல் நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

“மிச்சக் கப்பல் இன்னும் கீழதான் கிடக்கா, தங்கச்சி?”

“இல்லை நானா. ஒரு துண்டு விடாமல் எடுத்தாச்சு. இப்ப அங்க வெறும் மணல்தான்.” பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். “பனங்கூடலும் சண்டையில போயிட்டு. கப்பலும் இல்லையெண்டா இனி அந்த இடத்த எப்பிடிப் பிடிக்கிறது?” என்று கேட்டார். நான் மீனுக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். வேறு பார் இல்லையா நானா என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். அவர் மெல்லத் திரும்பினார். திரும்பியவருடைய கண்ணில் மேற்கு யன்னல் பட்டது, பெட்டி பட்டது. நடந்து போய்க் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார். தொடவேண்டாம் என்று நான் வாய் திறப்பதற்குள், “இதுக்கு அடியில ஒரு வெட்டு இருக்கும். பிறைமாதிரி. என்ட வாப்பா உளியால வெட்டினது” என்றார்.

பதிவேட்டில் அந்த வெட்டை நான்தான் வரைந்து வைத்திருந்தேன். ‘கொத்தனின் அடையாளமாகலாம்’ என்று பக்கத்தில் எழுதியும் இருந்தேன். கல்லின் அடி பெட்டிக்குள் மறைந்திருக்கிறது. வெளியில் நிற்கிற யாருக்கும் அது தெரிய வழியில்லை. சொன்னது பொய்யாக இருக்கட்டும் என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டு, பெட்டியைத் திறந்து கல்லைச் சரித்துக் காட்டினேன். பிறை இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய ஆட்கள் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்கள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்களிடம் சொன்னார்.

அடுத்த மாதம் தனியாக வந்தார். என் மேசைக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்து, கப்பலைப் பார்த்தபடியே சொன்னார். அவர் சொன்னதை நான் அன்று எழுதி வைக்கவில்லை. எழுதாமலே ஒரு சொல்லும் மறக்கவில்லை.

ஊரை விட்டுப் போகச் சொன்ன நாளில் அவருடைய மனைவிக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள். முதல் ஆண்பிள்ளை. வள்ளத்து எஞ்சினை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், நகையை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சங்குக் காலத்துக்காகத் தென்கரையில் அவருடைய சின்ன வள்ளம் கிடந்தது. பாய் கட்டி, பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு, விடியற்காலையில் கல்பிட்டிக்குப் புறப்பட்டிருக்கிறார். வாப்பாவின் குளிக்கல் வழக்கம்போல் வள்ளத்துக்குள்ளேயே கிடந்தது. யாரும் அதை எடுத்து வைக்கவுமில்லை, இறக்கி வைக்கவுமில்லை. வாடைக்காற்று தொடங்கும் காலம். மழை விடவேயில்லை. தாய் பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, தன்மேல் ஒரு படங்கைப் போர்த்துக்கொண்டு இருந்தாள். மத்தியானம் தாண்டி, அரிப்புக்கு நேரே வரும்போது, பிள்ளை பால் குடிக்கவில்லை என்றாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு ஒன்றுமே சொல்லவில்லை.

“கரை தெரியுது, தங்கச்சி. கோயில் தெரியுது. மண் தெரியுது. ஒரு முழம் மண் போதும் எண்டு சுக்கானத் திருப்பினன்.” கரையில் துவக்கோடு நின்றவர்கள் கையைக் காட்டித் திரும்பிப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் சனம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது என்றார். காற்று எதிர்த்துவிட்டது, கல்பிட்டிக்கு எப்போது போய்ச் சேர்வோம் என்று யாருக்கும் தெரியாது. மையத்தை, உயிர் போன உடலை, வைத்துக்கொண்டு இருக்கக்கூடாது, கடலிலேயே அடக்கலாம், மார்க்கத்தில் இடமிருக்கிறது என்று வள்ளத்தில் இருந்த பெரியவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆனால் கண்ட இடத்தில் இறக்கிவிட்டுப் போக இவருக்கு மனம் வரவில்லை. நேர் பிடித்து, கப்பல்பாருக்கு வள்ளத்தை விட்டு, பாயை இறக்கினார். “கடலுக்குள்ள எனக்குத் தெரிஞ்ச விலாசம் அது ஒண்டுதான்” என்றார்.

தாயின் வெள்ளை முக்காட்டில் பிள்ளையைச் சுற்றினார்கள். எல்லாரும் இருந்தபடியே தொழுதார்கள். கிழித்துக் கட்ட வேறு துணி இல்லை. நீலக் கயிற்றால் தலைமாட்டில் ஒரு முடிச்சு, கால்மாட்டில் ஒரு முடிச்சு, மூன்றாவதைக் கல்லின் துளையில் கோத்து ஒரு முடிச்சு. பிறகு அவர் ஒரு காலைக் கல்லில் ஊன்றி, பிள்ளையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, வழக்கமாகச் சங்குக்கு இறங்குவதுபோல் இறங்கியிருக்கிறார். கீழே தண்ணீர் கலங்கிக் கிடந்தது. கையால் தடவித்தான் கப்பலைப் பிடித்தார். இரண்டு விலாக்கட்டைக்கு நடுவே, நீரோட்டம் இழுக்காத பக்கத்தில், பிள்ளையைச் சரித்து வைத்தார். முகம் மேற்கே பார்க்க வைத்தேன் என்றார். கப்பல்பாரில் எது மேற்கு என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.

எல்லாம் சொன்னவர் இதற்குப் பிறகு சொன்னதைத்தான் மெல்லச் சொன்னார். இறந்தவரைச் சுற்றுகிற கபன் துணியின் முடிச்சுகளை, உடலை மண்ணில் வைத்த பிறகு அவிழ்த்துவிட வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். பயணம் முடிந்துவிட்டது, இனிக் கட்டு வேண்டாம் என்பதுபோல. அதை அவர் செய்யவில்லை. “மூச்சு இருந்துது, தங்கச்சி. இன்னும் மூணு முடிச்சு அவிழ்க்கிற அளவுக்கு எனக்கு மூச்சு இருந்துது. அவிழ்த்தா அவன் மிதந்து வந்திருவான்.” மேலே வந்ததும் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: அவிழ்த்தீர்களா? ஓம் என்றார். பிறகு பாயை ஏற்றினார்கள்.

சண்டை முடிந்த முதல் வருடம், யாருக்கும் சொல்லாமல், தெரிந்த ஒருவருடைய வள்ளத்தில் போய் ஒரு தடவை இறங்கியிருக்கிறார். நேர் அரைகுறைதான். அதற்குப் பிறகு கப்பல்தான் அவருக்கு இடத்தைச் சொன்னது. அந்த விலாக்கட்டையைத் தொட்டார், ஓதினார், மேலே வந்தார். கல்லைத் தேடவில்லை. “கப்ற ஆரும் தோண்டிப் பாப்பாங்களா?” என்று கேட்டார். அந்தப் புதைகுழியை நாங்கள் தோண்டியிருந்தோம், குழாய் வைத்து.

அவரிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த நாட்களில் எனக்குப் பத்து வயது. மழைக்குள் பாய்கள் தெற்கே போய்க்கொண்டிருந்ததை எங்கள் கரையில் நின்று நானும் பார்த்தேன். ஒரு பின்னேரம், ஒரு சின்ன வள்ளம் கப்பல்பார்ப் பக்கத்தில் பாயை இறக்கிவிட்டு அரைமணித்தியாலம் நின்றது. என்னப்பா செய்யினம் என்று கேட்டேன். அப்பா கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். “சங்கு குளிக்கினம் போல. ஊரைவிட்டுப் போற நேரத்திலயும் தொழிலை விடமாட்டினம், பாரன்” என்று சிரித்தார். பிறகு என்னை உள்ளுக்குப் போகச் சொன்னார். அதே வள்ளம்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் என் அப்பா கெட்டவர் இல்லை. கப்பல்பாரில் பாய் இறக்கிய வள்ளத்தைப் பார்த்தால் எங்கள் கரையில் யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாமல் இருக்கிறது.

நானா கேட்டது பெரிய காரியமல்ல. கல்லைத் தந்தால் கொண்டுபோய், நேர் பிடித்து, ஏறக்குறைய அந்த இடத்தில் இறக்கிவிட வேண்டும். பிள்ளையில் இனி ஒன்றும் மிச்சமிருக்காது என்று கடல் தெரிந்த அவருக்குத் தெரியும். “அவனோட இருந்தது அது மட்டும்தான். அதாவது அவன்ட இடத்தில கிடக்கட்டும்” என்றார். சேரிடம் சொன்னேன். சேர் கல்நெஞ்சக்காரர் இல்லை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுத்தில் தரச் சொன்னார். நானா சொல்ல நான் எழுதினேன். மேலிடத்திலிருந்து பதில் வர எட்டு மாதம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், கல் பிற்காலத்தது என்பதற்கான ஆதாரம், மூன்றையும் கேட்டிருந்தார்கள். இருபது நாள் பிள்ளையை இருபத்தோராம் நாள் எந்த அரச கந்தோரில் பதிவது? இறந்ததை யார் எழுதித் தருவது, கடலா?

மூன்றாவது ஆதாரம் இருந்தது. அதை நான் வெட்டி எரித்துவிட்டேன். சேர் பதிவேட்டை விரித்து என் கையெழுத்தைத்தான் காட்டினார். கல், அளவு, நிறை, அடியில் வெட்டு. கயிற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிற்காலத்துப் பொருள் ஏதாவது கூட வந்ததா என்று கேட்டார். அந்த இடத்தில் ஓம் சேர், நைலோன் கயிறு கோத்திருந்தது, நான் வெட்டினேன் என்று சொல்லியிருந்தால் கதை வேறாகியிருக்கும். எனக்கு வேலையும் போயிருக்கும். தற்காலிக நியமனம் நிரந்தரமாவதற்கு மூன்று மாதம் இருந்தது. வீட்டில் என் ஒரு சம்பளம்தான். ஞாபகமில்லை சேர் என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதைத்தான் கடவுள் முதலில் வாசிப்பார் என்று நினைக்கிறேன்.

பெட்டிச் சாவி என் இடுப்பில்தான் தொங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பதிலை வாசித்துக் காட்டிய நாளில் அவர் சாவியைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார். ஆள் இல்லாத மத்தியான நேரம். கல்லை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தால் பின்வாசலால் கடற்கரைக்கு இரண்டு நிமிடம். நான் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர், நான் வாறன் தங்கச்சி என்று எழும்பினார். அவர் போன பிறகு கைக்குள் சாவியின் பல் பதிந்திருந்தது.

அதற்குப் பிறகும் நான்கைந்து தடவை வந்தார். கல்லைப் பற்றிப் பேசவில்லை. வந்து, இரண்டு விலாக்கட்டைக்கு நேரே நின்று, உதடு மட்டும் அசைய ஓதுவார். எந்த இரண்டு என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. புதிதாக வந்த காவலாளி ஒருவர், மண்டபத்தில் வணக்கம் செய்யக்கூடாது என்று அவரை வெளியே போகச் சொன்ன நாளும் உண்டு. வேறெங்கே போவது? அவர் அடையாளம் வைத்துவிட்டு வந்த இடத்தை நாங்கள் கொண்டுவந்து கூரைக்குக் கீழ் வைத்துவிட்டோம். கடலுக்குப் போனால் கப்பல் இல்லை. கப்பலுக்கு வந்தால் கடல் இல்லை. இதை அவர் ஒருநாளும் குற்றமாகச் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

கடைசித் தடவை அவர் மெலிந்திருந்தார். மனைவி படுக்கையில் என்றார். தானும் அதிக நாள் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒன்று கேட்க வேண்டும், உள்ளதைச் சொல்லுங்கோ என்றார்.

“கல்லு மேல வரேக்க கயிறு இருந்துதா?”

சேர் கேட்டதற்கு ஞாபகமில்லை என்றவள், அவரிடம் “இருந்தது நானா” என்றேன்.

“முடிச்சு?”

“இருந்தது.”

“ஆர் எடுத்தது?”

“நான்தான்.”

அவர் கதிரையின் நுனிக்கு வந்தார். நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார். “அவிழ்த்தீங்களா தங்கச்சி, வெட்டினீங்களா?”

கத்தி என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அதன் பிடி, ஈரம், குப்பைக் கிடங்குக்குப் போன நீலத் துண்டு எல்லாம் தெரிந்தது. “அவிழ்த்தனான்” என்றேன். “மூணையும்?” என்று கேட்டார். “மூண்டையும் நானா. இறுகிக் கிடந்தது. மெல்ல மெல்ல அவிழ்த்தனான்.” அவர் இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டு, அல்ஹம்துலில்லாஹ் என்றார். அழவில்லை. “அவட்ட இனி மெய்யாச் சொல்லலாம்” என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போனார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது, மூச்சும் இருந்தது.

சில மாதங்களுக்குப் பிறகு கந்தோர்த் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு. பலமில்லாத பெண் குரல். அவருடைய மனைவி. நானா மவுத்தாகி நாற்பதாம் நாளும் முடிந்துவிட்டது என்றார். பிறகு, “நீங்கதானா அவிழ்த்த புள்ள?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன்.

“அண்டைக்கு அவர் பொய்தான் சொன்னாரு. எனக்கு அப்பவே தெரியும். அவிழ்த்திருந்தா கயிற மேல கொண்டு வந்திருப்பாரு. குளிகாரன் கயிற விட்டுட்டு வரமாட்டான். பாவம் எண்டு நானும் கேக்கல்ல.” மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: “நீங்க சொன்னது மெய்தானே, புள்ள?”

“மெய்தான் உம்மா” என்றேன். அவருடைய பொய்யையும் அதை நம்பியதுமாதிரி இருந்த தன் பொய்யையும் முப்பது வருடம் சுமந்தவளுக்கு மூன்றாவதாக நானும் ஒன்று கொடுத்தேன்.

அடுத்த திங்கள், பார்வையாளர் வராத துப்புரவு நாள். நான் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். எதற்கென்று தெரியாமல்தான் திறந்தேன். கல்லை மடியில் வைத்து, துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே, சுண்ணாம்புக்கு நடுவில், நீலமாக ஏதோ தெரிந்தது. அன்று நான் துளையின் இரண்டு வாயிலும் ஒட்ட வெட்டியிருந்தேன். முடிச்சு துளைக்குள் இழுபட்டு இறுகியிருந்ததால் கத்தி அதைத் தொடவில்லை. மூன்றாவது முடிச்சு அங்கேயே இருந்தது. இத்தனை வருடமும் என் மேசையிலிருந்து பத்து அடி தூரத்தில் இருந்தது.

வினாகிரியைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுண்ணாம்பை இளக்கினேன். ஊக்கின் நுனியால் ஒவ்வொரு சுற்றாகக் கிளப்பினேன். கயிறு வெயிலில் காய்ந்த பனைநார்போல் முறுகியிருந்தது, அழுத்தினால் பொடியாக வந்தது. மூச்சு விடப் பயந்தேன். கோயிலில் பன்னிரண்டு மணித் திரிகாலச் செப மணி அடித்தபோது நான் எழும்பவில்லை, சிலுவை போடவுமில்லை. கடைசிச் சுற்றில் இழை விரலோடு வந்துவிட்டது. அவிழ்ந்து வந்ததா, இற்று அறுந்து வந்ததா என்று எவ்வளவு யோசித்தும் என்னால் சொல்ல முடியவில்லை.

பிறகு பதிவேட்டை எடுத்து அந்தக் கல்லின் பக்கத்தைத் திறந்தேன். ஓரத்தில், அன்று எழுதாமல் விட்டதை எழுதினேன். ‘துளையில் நீல நைலோன் கயிறு. மூன்று முடிச்சு. இரண்டு என்னால் வெட்டி எறியப்பட்டன.’ மூன்றாவதற்கு வந்ததும் பேனை நின்றது. வெகு நேரம் நின்றது. ‘மூன்றாவது அவிழ்க்கப்பட்டது’ என்று எழுதி, பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். எழுதியது வேலையைத் தின்றால் தின்னட்டும் என்று இருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. சேர் மாற்றலாகிப் போய்விட்டார். அவருக்குப் பிறகு வந்தவர்களுக்குப் பீரங்கிகளில்தான் கவனம். கல் மேற்கு யன்னலோரப் பெட்டிக்குள் இருக்கிறது. நான் எழுதிய அட்டையும் அதன் கீழே அப்படியே இருக்கிறது, கப்பல் மூழ்கிய காலத்தைச் சேர்ந்தது என்று. காலையில் கண்ணாடியைத் துடைக்கும்போது துளை தெரியும். இப்போது அதற்குள் ஒன்றுமில்லை. பதிவேட்டின் அந்தப் பக்கத்தை இன்றுவரை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.